பின்வாசல் முக்காலி

சோறு வடித்ததும் மாஸ்டர் பின்வாசல் முக்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். அடுப்பில் எது பொங்கி வழிந்தாலும் அந்த நேரத்தில் அவரை யாரும் கூப்பிடக் கூடாது. கேன்டீனில் அது எழுதாத சட்டம். சட்டம் போட்டவள், அவரோடு சேர்ந்து கேன்டீனை நடத்தும் அவர் மனைவி.

கல்யாணமான புதிதில், அடுப்படிச் சூடு தலைக்கேறிய ஒரு மதியம், கொதிநீரை அவள் கையில் ஊற்றியவர் அவர். பிறந்த வீட்டில் கேட்டபோது, "கை தவறிடுச்சு" என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம்தான் அந்த முக்காலியை வாங்கிப் போட்டாள். அவர் எப்போது கொஞ்சம் ஆறினால் எல்லோர் உடம்பும் தப்பிக்கும் என்று பார்த்து, சமையல் மொத்தத்தையும் அதைச் சுற்றியே அடுக்கினாள். வெட்கங்கெட்ட கணக்கு. ஆனால் பலித்தது.

வேலை போன அவள் தம்பி வந்து சேர்ந்தான். கட்டட கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜராக இருந்தவன், சும்மா இருப்பானா? எந்த வேலை எத்தனை மணிக்கு என்று எழுதி, அடுப்படிச் சுவர் முழுக்கக் கலர் காகிதம் ஒட்டினான். காய் நறுக்க மஞ்சள், வறுக்கப் பச்சை. வீட்டில் துணி துவைப்பதற்கும் ஒட்டினான். பல் விளக்குவதை மட்டும் ஏனோ விட்டுவைத்தான். சாப்பாடு நேரத்துக்கு வந்தது, அதை மறுக்க முடியாது.

"அக்கா, மாமா உக்காந்திருக்கிற நேரத்துல கோழிய வறுத்துடலாம். ஒரு வேலை முடிஞ்ச கையோட அடுத்தது. நடுவுல ஓட்டையே இருக்கக் கூடாது."

"அத மட்டும் தொடாதடா."

"ஏன்? காரணம் சொல்லு."

காரணம் அவளுடைய முழுக்கைச் சட்டைக்குள் இருந்தது. சொன்னால் இத்தனை வருஷப் பொய்யும் சேர்ந்து வெளியே வரும். பயந்துவிட்டாள். "அவருக்கு முதுகு வலி" என்றாள்.

"நின்னு வேலை செஞ்சா முதுகுக்கு நல்லதுக்கா!" சிரித்துக்கொண்டே முக்காலியை ஸ்டோர் ரூமில் போட்டான்.

மறுநாள் மாஸ்டர் சோற்றை வடித்தார். பின்வாசலுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"முக்காலி எங்கடா?"

"அதெல்லாம் வேஸ்ட் மாமா. அடுத்து கோழி." தம்பி பச்சைக் காகிதத்தைத் தட்டிக் காட்டினான்.

"டேய், வெளிய ஓடு!" என்று அக்கா கத்துவதற்குள் இரும்புக் கரண்டி அவன் தாடையில் இறங்கிவிட்டது. பல்லொன்று தரையில் உருண்டது. விழுந்தவனைச் சட்டையோடு தூக்கி, கோழிக்காகக் காய்ந்துகொண்டிருந்த இரும்புச் சட்டியில் அவன் வலது உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அவன் அலறலில் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுச் சத்தம் நின்றுபோனது. சதை தீயும் நாற்றம் எழுந்தது.

அக்கா அண்டாவின் கனத்த மூடியை எடுத்தாள். அவர் மணிக்கட்டில் ஒரே போடு. பிடி விடவில்லை. எலும்பு முறிகிற சத்தம் கேட்கும்வரை அடித்தாள்.

தம்பி வாளித் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு தேம்பினான். "ஒரு முக்காலிக்காகவாக்கா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக் காட்டினாள். பழைய வெந்த தழும்பு.

ஸ்டோர் ரூமிலிருந்து முக்காலியை எடுத்து வந்து பின்வாசலுக்கு வெளியே போட்டாள். ஒடிந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி மாஸ்டர் பழக்க தோஷத்தில் போய் உட்கார்ந்தார். அதற்குள் கோபம் இறங்கியிருந்தது, எப்போதும் அப்படித்தானே.

"ஏதோ சூட்டுல..." என்று ஆரம்பித்தார்.

"நல்லா ஆறுங்க. உள்ள உங்களுக்கு இனிமே வேலை எதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள்.