உருண்டை என்று ஒரு பேர்

ஆயாம்மா இறந்து ஒரு மாதம் கழித்து, அவருடைய மகன் சாமான்களை வாங்கிப்போக வருவதாகச் சொல்லியிருந்தார். அவள் காலையிலேயே பையைக் கட்டி வைத்துவிட்டாள்: நாலைந்து புடவைகள், மூக்குக் கண்ணாடி, சீப்பு, பாதி தீர்ந்த தைலப் புட்டி. நீல ஸ்வெட்டர் மட்டும் பையில் இல்லை. அது அவளுடைய பீரோவில், துணிகளுக்கு அடியில் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அவள் தவழ்கிற வயதில் வேலைக்கு வந்தவர் ஆயாம்மா. அப்பா அம்மா சண்டைக்கே தீர்ப்புச் சொல்கிற அளவுக்கு வீட்டு மனுஷியாகிவிட்டார். அவளுக்கு உருண்டை என்று பேர் வைத்தவரும் அவர்தான். அவளோ அன்றைக்கும் இன்றைக்கும் ஒட்டடைக்குச்சி.

"எதைப் பார்த்து இவளுக்கு இந்தப் பேர் வச்சீங்க?" என்று அண்ணன் கேட்கும்போதெல்லாம், "வாய்ல வந்துடுச்சுப்பா" என்பார் ஆயாம்மா.

மகனை அவள் பார்த்ததில்லை. சித்தி வீட்டில் வளர்ந்து கப்பல் வேலைக்குப் போனவர். அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. சின்ன வயதில், வருஷத்துக்கு ஒரு வாரம் ஆயாம்மா அவரைப் பார்க்கப் போனால் இவள் அழுது ஊரைக் கூட்டுவாள். மற்ற வாரங்களில் அந்தப் பையன் யாரிடம் அழுதான் என்று இப்போதுதான் தோன்றியது.

வந்தவருக்கு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. வாசலை அடைக்கிற உடம்பு. உட்கார்ந்து, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீல ஸ்வெட்டர் ஒண்ணு இருக்குமே. என் முதல் சம்பளத்துல வாங்கிக் கொடுத்தது."

அவளுக்குச் சுருக்கென்றது. "தேடிப் பார்க்கிறேங்க."

கீழே தையல் கடையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான். "உருண்டை, டீ என்னாச்சு?"

"இதோ" என்றாள் அவள். அதே நேரத்தில் அவரும் திரும்பி, "ஆங்?" என்றார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அம்மா என்னை அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றார். "வேற யாரும் கூப்பிட்டதில்ல. உங்களையுமா?"

அவள் தலையாட்டினாள். அவர் ஆயாம்மாவின் கண்ணாடியை எடுத்துச் சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார்.

"அப்போ தினமும் கூப்பிட்டிருக்காங்க என்னை" என்றார்.

அவள் எழுந்துபோய் பீரோவைத் திறந்து ஸ்வெட்டரைக் கொண்டுவந்தாள்.

"எங்கயும் தொலையல. நான்தான் ஒளிச்சு வச்சிருந்தேன்."

அவர் அதை வாங்கி முகர்ந்தார். தைல வாசனை இன்னும் போகவில்லை. ஒரு கையை நுழைத்துப் பார்த்தார். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"எனக்கு எங்க பத்தும்? நீயே போட்டுக்க, உருண்டை."

"டீ வருமா, வராதா உருண்டை?" கீழிருந்து மறுபடி அண்ணன்.

"வருது, வருது" என்று பதில் கொடுத்தவர் அவர்.