பால் பொங்கிய நேரம்

எங்கள் மொலோசிய மலையில் பிலிஸ்தாவைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அண்ணனைக் கொன்னவனையே மன்னிச்ச மகராசி" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்று அவள் பக்கத்தில் நின்ற வேலைக்காரி நான். அவள் யாரையும் மன்னிக்கவில்லை.

மேய்ச்சல் தகராறில் அவள் அண்ணன் கார்தமோஸைக் குத்திக் கொன்றவன் பெயர் சிமியாஸ். பிலிஸ்தாவின் புருஷன் தோகிமோஸ், எங்கள் தலைவர், வேட்டை நாய்களோடு மலை மலையாக அவனைத் தேடிக்கொண்டிருந்தார். "அவன் செத்தாத்தான் எங்கம்மா தொண்டையில கஞ்சி எறங்கும்" என்று சொல்லித்தான் தினமும் அவரை வழியனுப்புவாள்.

ஒரு மழை நாள் மத்தியானம். தொப்பலாக நனைந்து ஒருவன் வாசலில் நின்றான். சாப்பாடு போடும் முன்பு வந்தவனிடம் பெயர் கேட்பது எங்களிடம் வழக்கமில்லை. அடுப்போரம் முக்காலியில் உட்காரச் சொன்னாள். அவள் இடுப்பில் குழந்தை, அடுப்பில் பால். நான் பார்லி மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

பால் சரசரவென்று மேலே வந்தது. என் கையெல்லாம் மாவு.

"ஐயா, இவனக் கொஞ்சம் புடிங்க!" என்று குழந்தையை அவன் கையில் திணித்துவிட்டுப் பானையை இறக்கினாள்.

திரும்பிப் பார்த்தால், அவன் முக்காலியை விட்டு இறங்கி, அடுப்புச் சாம்பலில் குழந்தையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தாயே, நான்தான் சிமியாஸ்."

எங்கள் மண்ணில் வீட்டுக் குழந்தையை மடியில் வைத்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தவனை யாரும் தொடக்கூடாது. ஆனால் குழந்தையை வீட்டார் கொடுத்திருக்க வேண்டும். பறித்தால் செல்லாது.

"குடுடா புள்ளைய!"

"குடுத்தா நான் பொணம், தாயே."

விவஸ்தை கெட்ட குழந்தை, அவன் தாடியை இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

நாய்கள் குரைத்தன. தோகிமோஸ் ஈட்டியோடு உள்ளே வந்தார். பார்த்ததுமே புரிந்துவிட்டது அவருக்கு.

"பறிச்சானா, நீ குடுத்தியா?" என்று மனைவியைக் கேட்டார். பிறகு கெஞ்சுகிற குரலில், "பறிச்சான்னு ஒரு வார்த்தை சொல்லு, பிலிஸ்தா. போதும்."

நான் பின்னாலிருந்து அவளைக் கிள்ளினேன். "சொல்லித் தொலைங்கம்மா!"

அவள் நெருப்பைப் பார்த்தாள். அடுப்பு எங்களுக்குத் தெய்வம். அதன் முன்னால் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"நான்தான் குடுத்தேன்."

தோகிமோஸ் ஈட்டியைச் சுவரில் சாய்த்தார். தன் கையாலேயே சிமியாஸைத் தூக்கி நிறுத்தினார். முறைப்படி எல்லை வரை துணைக்கு ஆளும் அனுப்பினார்.

பனி உருகியதும் பிலிஸ்தாவின் அம்மா வந்தாள். வாசலைத் தாண்டவில்லை.

"உன் கையாலயா குடுத்தே?"

"பால் பொங்கிடுச்சும்மா."

"பாலா?"

பிலிஸ்தா தலையை மட்டும் அசைத்தாள். கிழவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பட்டென்று சொன்னாள்: "எனக்கு ரெண்டு புள்ளையும் செத்துப்போச்சு." வந்த கோவேறு கழுதையிலேயே திரும்பிப் போனாள். பாவி மகள் கூப்பிடக்கூட இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்த வீட்டில் இருந்தேன். அடுப்பில் பால் பொங்கினால் பிலிஸ்தா எழுந்திருக்க மாட்டாள். வழிந்து நெருப்பே அணைந்தாலும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். நான்தான் ஓடிப்போய் இறக்குவேன்.