பக்கத்து நாற்காலி

பால் பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தான். டீயை வடிகட்டினான், சட்டையைத் தேய்த்தான், தண்ணீர் பாட்டிலை நிரப்பினான். மனைவி இறந்து போன பிறகு வீட்டில் ஒரு வேலையும் தவறியதில்லை. அவள் போன அன்றுகூட தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தியவன் அவன். கல் நெஞ்சுக்காரன் என்று சொந்தக்காரர்கள் காதுபடவே பேசினார்கள்.

"அத்தான், டீயில சர்க்கரையே இல்ல," என்றாள் மனைவியின் தங்கை.

"போட்டேனே."

"அப்ப என் நாக்குதான் செத்துப் போச்சு."

இன்று அவள் சாட்சி சொல்ல வேண்டும். வேலை பார்த்த கிடங்கில் மேலாளர் அவளுக்குச் செய்ததை, அந்த மேலாளரின் வக்கீல் குறுக்கே குறுக்கே கேட்க, முழுதாகச் சொல்ல வேண்டும். போன முறை கூண்டில் ஏறியவள் அந்த மேலாளரின் முகத்தைப் பார்த்ததும் பேச்சு வராமல் இறங்கிவிட்டாள். இன்றும் அப்படி ஆனால் வழக்கில் உயிர் இருக்காது. அதனால் தனி அறையில் உட்கார்ந்து திரை வழியாகப் பேச நீதிபதி அனுமதித்திருந்தார். துணைக்கு ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். அக்காதான் வருவதாக இருந்தது. அந்த நாற்காலி இப்போது அவனுக்கு.

சிறிய அறை. மேஜை, திரை, கேமரா, பெட்டியோடு காகிதக் கைக்குட்டைகள். நீதிமன்றத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் விதிகளைச் சொன்னாள். பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, தொடக் கூடாது.

"சுவர் மாதிரி உக்காரணும் சார்."

"வீட்டுலயும் அப்படித்தான்க்கா. வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும்," என்றாள் மைத்துனி. அந்தப் பெண் சிரித்தாள். அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

திரையில் நீதிபதி அம்மாவும் வக்கீல்களும் தெரிந்தார்கள். அவள் சொல்லத் தொடங்கினாள். சரக்கு இறக்கிய நாள், மற்றவர்கள் கிளம்பியது, கதவு சாத்திய சத்தம். குரல் தணிந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. இதையெல்லாம் அவன் இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறான். மனைவிக்குத் தெரிந்திருக்கும். இரவெல்லாம் அக்காவும் தங்கையும் ஏன் விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்தார்கள் என்பது இப்போது புரிந்தது.

சட்டென்று அவள் பேச்சு நின்றது.

அவள் பார்வை போன இடத்தில் அவனும் பார்த்தான். நீதிமன்ற அறையில் இருந்த கேமராவை யாரோ லேசாக இடித்திருக்க வேண்டும். திரையின் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. மரத்தடுப்பின் மேல் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அங்கிருந்த திரை அவளை மட்டுமே காட்டிக்கொண்டிருந்ததால் அங்கே யாருக்கும் விஷயம் தெரியவில்லை.

"சாட்சி திரும்பித் திரும்பிப் பக்கத்துல பாக்குறாங்க," என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். "கூட இருக்கறவர் சொல்லிக் குடுக்குறாரா?"

அவள் அவனைத்தான் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேமராவைத் திருப்பிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தையே அவள் சொன்னது அத்தனையையும் கெடுத்துவிடும். தொடைக்கு அடியில் விரல்கள் மரத்துப் போயின. அவன் கண்ணில் நீர் திரண்டு கன்னத்தில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. கண்ணீரைப் பற்றி விதியில் எதுவும் இல்லை.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரையின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அந்த ஆளோட கை எனக்குத் தெரியுது. என் மேஜையிலயும் இப்படித்தான் தட்டுவான். கேமராவத் திருப்பச் சொல்லுங்க."

நீதிபதி நிமிர்ந்தார். அங்கே நாற்காலிகள் நகர்ந்தன, யாரையோ யாரோ கடிந்துகொண்டார்கள். படம் ஆடி, ஒரு வெற்றுச் சுவரைக் காட்டி, மறுபடி நீதிபதியிடம் வந்து நின்றது.

"கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வரியாம்மா?" என்றார் நீதிபதி. "இல்ல, இதுவரைக்கும் சொன்னதப் படிச்சுக் காட்டச் சொல்லட்டுமா?"

அவள் தண்ணீர் குடித்தாள். பாட்டிலை மூடி, அவன் பக்கமாக மேஜையில் வைத்தாள்.

"வேண்டாம்மா. எங்க நிறுத்தினேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."