சவளோடு வந்த சனம்

ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டிலைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு எதிர்வீட்டுப் பாலேந்திரா அண்ணை சவக்காலைக்குள் வந்ததைக் கண்டதும் பெனிற்றா அவரை மறிக்க ஓடினாள். வண்டிலுக்குள் மண் அள்ளுகிற சவள் நாலைந்து. பின்னால் பக்கத்து வீட்டு பியற்றிஸ் அக்கா, முழங்கால்வரை பூட்ஸும் தோட்டத்துக் கையுறையுமாக. அதற்கும் பின்னால் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற அவர்களுடைய தெருவே திரண்டு வந்தது. ஐயோ கடவுளே! மாமா பெட்டிக்குள் கிடக்கிறார், இதுகள் கிழங்கு கிண்ட வந்த மாதிரியல்லோ வந்து நிற்குதுகள்!

பிழை அவளுடையதுதான்.

மாமனார் சாபிற், கசகஸ்தானில் ஒரு சின்னக் கிராமத்து மனிதர். மாமி செத்தபிறகு மகனிடம் லண்டனுக்கு வந்தவர். வந்த கையோடு, வீடுகளுக்குப் பின்னால் புல்மண்டிக் கிடந்த சந்து ஒன்றைக் காட்டி அது யாருடையது என்று கேட்டார். எல்லாருக்கும் பொது, அதனால் ஒருத்தரும் தொடுவதில்லை என்றாள் பெனிற்றா. கிழவருக்குப் பொறுக்கவில்லை. அவருடைய ஊரில் ஒருத்தன் வீடு கட்டினால் ஊரே போய்ச் சுவர் எழுப்புமாம். அதற்குப் பெயர் அசர். கூலி கிடையாது. கூப்பிட்டவன் வயிறார இறைச்சி போடவேண்டும், போகிறவன் மண்வெட்டியோ சுத்தியலோ தன் ஆயுதத்தோடு போகவேண்டும், மாட்டன் என்று மட்டும் சொல்லக்கூடாது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஊர் நடந்தது அப்படித்தானாம். மூன்று வருசத்தில் அந்தச் சந்து, ஐந்து வேலி, பியற்றிஸ் அக்காவின் கூரை, எல்லாம் கிழவர் ஞாயிறுகளில் தெருவைக் கூட்டிச் செய்த அசரில் முடிந்தன.

"வேலைநாள். அடக்கத்துக்கு ஆர் வரப்போகினம்? நாங்கள் நாலுபேர் காணும்," என்று நேற்றுச் சொன்னான் அவளுடைய புருசன் எர்லான், பத்து வருசக் கலியாணத்தில் அவளிடம் படித்த தமிழில். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் நெடுநேரம் முகம் கழுவினான். அடக்க முன்னம் மௌலவி, "இவர் எப்படிப்பட்ட மனுசன்?" என்று கேட்பாராம். அது அவர்களுடைய ஊர் வழக்கம். பதிலை மகன் சொல்லக்கூடாது, ஊர்தான் சொல்லவேண்டும். ஒரு ஊரும் இல்லாமல் மாமாவை அனுப்புகிறதா? பெனிற்றாவுக்கு மனம் கேட்கவில்லை. தெரு வாட்ஸ்அப்பில் சவக்காலை விலாசத்தைப் போட்டு, "மாமாவை நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம் செய்யிறம். இது அசர்," என்று எழுதினாள். மாட்டன் என்று சொல்லக்கூடாது என்பதை நினைத்தவள், ஆயுதத்தை மறந்தே போனாள்.

"அண்ணை, உதெல்லாம் என்னத்துக்கு?"

"நீதானே பிள்ளை அசர் எண்டனீ? வெறுங்கையோட வந்தால் மனுசன் பெட்டிக்குள்ளயிருந்து எழும்பியெல்லோ ஏசும்!"

மௌலவி அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். நாற்பது பேரும் பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட பிள்ளைகள் மாதிரி ஆளையாள் பார்த்தார்கள். எர்லான் நிலத்தைப் பார்த்தான்.

"சொல்லுங்கோவன்!" என்று பெனிற்றா பல்லைக் கடித்தாள்.

"நல்ல மனுசன்," என்றார் பாலேந்திரா அண்ணை தமிழிலேயே. "ஆனா ஒரு ஞாயிறும் எங்களை நித்திரை கொள்ள விட்டதில்லை."

"கூரையில ஏறாதையுங்கோ எண்டாலும் கேக்கமாட்டார்," என்று மூக்கை உறிஞ்சினார் பியற்றிஸ் அக்கா. "நல்ல மனுசன்."

நல்ல மனுசன், நல்ல மனுசன் என்று கடைசி ஆள்வரை போனது. எர்லான் இரண்டு நாளில் முதல்தடவையாகச் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் ஓடியது.

குழி மூட நின்ற இயந்திரத்தை அண்ணை கைகாட்டி மறித்தார். மகன் முதல் பிடி மண்ணைப் போட்டதும் சவள்கள் இறங்கின. ஆளுக்கு ஐந்து தரம்தான் என்று பியற்றிஸ் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆறாவது அள்ளியவருக்கு ஏச்சு விழுந்தது. எர்லான் ஒரு சவளுக்குக் கையை நீட்டினான்.

"வரிசையில வாரும் தம்பி. ஆக்கள் நிக்கினம்," என்றார் பியற்றிஸ் அக்கா.

எர்லான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கடைசியில் நின்றான். அவனுக்கு முன்னால் பதினேழு பேர்.