முப்பது நாள் செல்லும் சான்றிதழ்

என் வாய்க்கொழுப்பிலிருந்துதான் இதைத் தொடங்க வேண்டும்.

போன கோடையில் நார்வே போவதற்கு முன்னால், நானும் டெட்லெஃபும் எங்கள் எல்லையோர ஊரான ஃப்ளென்ஸ்பூர்க்கின் சுகாதார அலுவலகத்துக்குப் போயிருந்தோம். டெட்லெஃப் என் கணவன். முப்பத்தைந்து வருடம் கூடவே வாழ்ந்தவனை ‘அவர்’ என்று சொல்ல எனக்கு வராது. கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவன். பதினான்கு வருடமாக அவனுக்கு நரம்பு நோய். கால்களும் வலது கையும் நினைத்த நேரத்தில் முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் மரக்கட்டைதான். கடைசியாக அதற்குப் பலன் தந்த மருந்து கஞ்சா. டாக்டர் எழுதிக்கொடுத்து, மருந்துக்கடையில் லேபிள் ஒட்டித் தருகிற கஞ்சா.

அதை வெளிநாட்டுக்கு எடுத்துப்போக வேண்டுமானால், டாக்டர் நிரப்பிய படிவத்தில் அந்த அலுவலகம் முத்திரை குத்த வேண்டும். முப்பது நாளைக்கு மேல் செல்லாது. முத்திரை குத்துகிற லோரென்ட்சன் அம்மாள் அன்றைக்கே சொன்னாள்.

“ஒவ்வொரு பயணத்துக்கும் புதுசா வாங்கணும் மேடம். டென்மார்க் போனாலும் சரி.”

“டென்மார்க்கா? அது நான் ஞாயித்துக்கிழமை பன் வாங்கப் போற இடம். என் நாத்தனார் வீடு அங்கதான். கொல்லைப்பக்கம் போறதுக்கெல்லாமா முத்திரை குத்துவீங்க?”

“கொல்லைப்பக்கமா இருந்தாலும் வேற நாடுதானே மேடம்.”

நான் சிரித்தேன். டெட்லெஃபும் சிரித்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். முனிக்கில் இருப்பவனுக்கு டென்மார்க் வெளிநாடு. பத்துக் கிலோமீட்டரில் இருக்கிற எங்களுக்கு அப்படித் தோன்றுவதே இல்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் பீர் வாங்க இங்கே வருவார்கள், நாங்கள் சிவப்பு சாசேஜ் தின்ன அங்கே போவோம். எல்லையில் போலீஸ் நிற்பது தெரியும். பழைய காரில் வரும் கிழடுகளை அவர்கள் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

மற்ற விஷயத்திலெல்லாம் நான் அவ்வளவு ஒழுங்கு. இந்த மருந்துக்காக ஒரு வருடம் நாயாய் அலைந்தவள் நான். வேறு மாத்திரைகள் எல்லாம் தோற்றுப்போயின என்று காட்ட வேண்டும், காப்பீட்டுக்காரர்கள் இரண்டு தடவை மறுப்பார்கள், மூன்றாம் தடவை ஏன் சம்மதித்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரன் வேறு வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “என்ன டெட்லெஃப், இந்த வயசுல கஞ்சாவா? நமக்கும் ரெண்டு இழுப்பு குடுப்பா” என்று இளிப்பான்.

டாக்டர் சொன்னதையெல்லாம் கேள்விக்குப் பதில் சொல்கிற பிள்ளைபோல ஒப்பிப்பேன். இது நோயைக் குணமாக்காது, முறுக்கைத் தளர்த்தும், அவ்வளவுதான். கொஞ்சமாக ஆரம்பித்து மெதுவாகக் கூட்ட வேண்டும். சுருட்டிப் புகைக்கக் கூடாது, கருவியில் சூடாக்கி ஆவியாக இழுக்க வேண்டும். இழுத்தபின் கார் ஓட்டக் கூடாது. திடீரென்று நிறுத்தக் கூடாது. வெளியே எடுத்துப்போனால் லேபிள் ஒட்டிய டப்பாவோடுதான் போக வேண்டும், வேறு டப்பாவில் மாற்றக் கூடாது. எல்லாம் ஒரு நீலக் கோப்பில் இருந்தது. அந்த ஒரு காகிதம் மட்டும் இல்லை.

மார்ச் மாதம் மெரெதேயை டென்மார்க்கில் இருக்கிற ஆபென்ராவில், இனி பிழைக்கமாட்டார்கள் என்று ஆனவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்கிற இல்லத்தில் சேர்த்தார்கள். மெரெதே டெட்லெஃபின் தங்கை. புருஷன் போய்விட்டான், பிள்ளை கிடையாது. டென்மார்க்காரனைக் கட்டிக்கொண்டு நாற்பது வருடம் அந்தப் பக்கமே இருந்தவள். உடம்பில் எலும்பும் கண்ணும்தான் மிச்சம். ஆனால் அந்த வாய் மட்டும் குறையவில்லை.

“வந்துட்டான்யா கஞ்சாக் கப்பல்,” என்பாள் அவனைப் பார்த்ததும். “அண்ணி, இவன்மேல என்ன வாசனை வருது பாரு. செத்துப்போறவ நான், சொர்க்கத்துல மிதக்கிறவன் இவன்.”

“நீ போறப்ப உனக்கும் ஒரு பொட்டலம் கட்டித் தரேன்,” என்பான் அவன்.

இரண்டாம் நாள்தான் அவள் சிரிக்காமல் ஒன்று சொன்னாள். “அம்மா செத்தப்ப ஆஸ்பத்திரியில யாருமே பக்கத்துல இல்ல. எனக்கு அப்படி வேண்டாம்டா. பயமா இருக்கு. கையைப் பிடிச்சுக்க. கடைசிவரைக்கும் விடாத.”

“விடமாட்டேன். நான் எங்க போறேன்?”

பன்னிரண்டு நாள் போனோம். காலையில் வீட்டில் ஒரு இழுப்பு, மதியம் இல்லத்துத் தோட்டத்துப் பெஞ்சில் இன்னொன்று. அதற்காக டப்பாவை அப்படியே எடுத்துப்போவேன். லேபிள் இருக்கிற டப்பாவைப் பிரிக்கக் கூடாதே! அந்த மாதத்துக்கான மருந்து மொத்தமும் அதற்குள்தான்.

பதின்மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, எல்லையில் ஒரு போலீஸ்காரப் பெண் கையைக் காட்டினாள். என் மகள் வயதுகூட இருக்காது. கார்க்கண்ணாடியை இறக்கினேன். அவள் குனிந்து மோந்து பார்த்தாள்.

“கஞ்சா இருக்குதா?”

“மருந்து இருக்கு,” என்று டெட்லெஃப் கோப்பை நீட்டினான். ஒளிக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான்.

மருந்துச்சீட்டு நகல், டாக்டர் கடிதம், காப்பீட்டுக் கடிதம், எல்லாவற்றையும் அவள் பொறுமையாகப் புரட்டினாள். பிறகு திரும்பவும் முதலிலிருந்து புரட்டினாள்.

“முத்திரை குத்தின சான்றிதழ் எங்கம்மா?”

லோரென்ட்சன் அம்மாளின் சிரிக்காத முகம் கண்முன்னால் வந்தது.

“இவனோட தங்கச்சி சாகக் கிடக்கிறா,” என்றேன். “தினமும் போறோம். டாக்டர் கடிதத்துல எல்லாம் இருக்கே, படிச்சுப் பாரு!”

“படிச்சேன்மா. அது உங்க நாட்டுல செல்லும். இங்க அந்தப் படிவம் இல்லாம இது வெறும் கஞ்சாதான். நான் எடுத்துக்கிட்டே ஆகணும்.”

“எடுத்துக்கிட்டா இவன் நடக்கமாட்டான்! உனக்கு மனசே இல்லையா?”

“விடு டெல்ஸே,” என்றான் அவன். “அந்தப் பொண்ணு அவ வேலையைப் பாக்குது.”

டப்பாவும் போனது, கருவியும் போனது. அவள் எழுதிக்கொடுத்த ரசீதில் என் கண்ணீர் விழுந்தது. எங்களைப் போகவிட்டாள். அதற்காக அவளுக்கு நன்றி வேறு சொன்னான் என் புருஷன்.

அன்று மாலை நான்கு மணிவரை காலையில் இழுத்தது தாங்கியது. மெரெதே கண்ணை மூடிக் கிடந்தாள், அவள் கை அவனுடைய வலது கைக்குள் இருந்தது. முதலில் அவன் கால் உதறியது. பிறகு முகம் வெளுத்தது. “டெல்ஸே, கை... கையை எடு, கையை எடு!” என்று கத்தினான்.

அவன் விரல்கள் மூடிக்கொண்டுவிட்டன. உள்ளே அவள் கை. மெரெதே விழித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள், அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நானும் ஒரு நர்ஸும் சேர்ந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். காகிதம்போலிருந்த அவள் தோலில் நீலம் பாரித்துவிட்டது.

“பரவாயில்லடா,” என்றாள் மெரெதே மூச்சு வாங்கிக்கொண்டு. “விடாதன்னு சொன்னேன். அதுக்காக இப்படியா?”

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவன் குழந்தைபோல அழுதான்.

மறுநாளிலிருந்து அவனால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. நான் தூக்கி உட்காரவைத்தாலும், “என் கையை நம்ப முடியாது. மருந்து இல்லாம நான் அவகிட்ட போகமாட்டேன்” என்றான். டாக்டர் விடுமுறையில் இருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். அவருக்குப் பதிலாக இருந்தவர், முன்பின் பார்க்காத நோயாளிக்கு இந்த மருந்து எழுத மாட்டேன் என்றார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவு திறப்பதற்கு முன்னால் நான் வாசலில் நின்றேன். சீட்டும் வாங்கினேன், படிவமும் வாங்கினேன். மருந்துக்கடையில் அந்த வகை இருப்பில் இல்லை, வியாழக்கிழமை வரும் என்றார்கள். சுகாதார அலுவலகத்தில் முத்திரை குத்துகிற அடுத்த நாளும் வியாழன்தான். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

“நீயாவது போ,” என்றான் டெட்லெஃப் புதன்கிழமை. “அவ தனியா இருக்கக் கூடாது. நான்தான்னு நெனைச்சுக்கட்டும்.”

போனேன். மெரெதே கண்ணைத் திறக்கிற நிலையில் இல்லை. அருகில் உட்கார்ந்து, நீலம் பாரித்த அந்தக் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். அப்புறம் அவள் கட்டைவிரல் என் உள்ளங்கையை மெல்லத் தடவிப் பார்த்தது.

“இது அவன் கை இல்ல,” என்றாள். “அவன் கை சொரசொரன்னு இருக்கும். எங்க அவன்?”

“வந்துக்கிட்டிருக்கான்,” என்றேன். வேறென்ன சொல்வேன்?

“சரி. பாத்துக்கிட்டிருக்கேன்னு சொல்லு.”

மதியம் பன்னிரண்டரைக்கு மூச்சு நின்றது. அதுவரை அவள் முகம் கதவுப்பக்கமே திரும்பியிருந்தது. வீட்டுக்கு வந்து, அவள் தூக்கத்திலேயே போனாள், நீ பிடித்திருப்பதாகவே நினைத்துக்கொண்டாள் என்று சொன்னேன். டெட்லெஃப் என்னை ரொம்ப நேரம் பார்த்தான்.

வியாழக்கிழமை லோரென்ட்சன் அம்மாள் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“எந்த நாட்டுக்கு மேடம்?”

“டென்மார்க்.”

அவளுக்கு என்னை நினைவிருந்தது. முகத்தில் தெரிந்தது. சொல்லிக்காட்டியிருக்கலாம், சொல்லவில்லை. “அங்க இருக்கிற உங்க நாத்தனார் எப்படி இருக்காங்க?” என்று கேட்டுக்கொண்டே முத்திரையை அழுத்தினாள். நேற்று போய்விட்டாள் என்றேன். அவள் கை முத்திரையின் மேலேயே நின்றுவிட்டது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். முப்பது நாள்.

சனிக்கிழமை அடக்கம். புது டப்பா, கடன் வாங்கிய கருவி, நீலக் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் காகிதம். எல்லையில் அதே பெண் நின்றிருந்தாள். டெட்லெஃப் தானே கண்ணாடியை இறக்கிக் காகிதத்தை வெளியே நீட்டினான். அவள் எங்கள் கறுப்பு உடையைப் பார்த்தாள், பின்னால் நிற்கிற கார் வரிசையைப் பார்த்தாள், போங்கள் என்று கையை அசைத்தாள்.

“சான்றிதழ் இருக்கும்மா,” என்றான். “முத்திரை குத்தினது. ஒரு தடவை பாரேன்.”

“நீங்க போங்க ஐயா.”

“பாரேன்மா!”

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். நான் காரை எடுத்தேன். கல்லறைவரை அவன் அந்தக் காகிதத்தை மடியிலேயே வைத்திருந்தான். காலையில் இழுத்த மருந்து நன்றாகவே வேலை செய்தது. கால் உதறவில்லை, விரல்கள் இறுகவில்லை. பெட்டியை இறக்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவனுடைய வலது கை முழங்காலின்மேல் மல்லாந்து, விரிந்து கிடந்தது. நான் என் கையை அதற்குள் வைக்கப் போனேன். அவன் தன் கையை இழுத்துக்கொண்டான்.