தொகுதி எண்

என் தங்கை எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் விதி. அதை எழுதிய கூட்டத்தில் நானும் உட்கார்ந்து தலையாட்டினேன், கையெழுத்தும் போட்டேன். நாசமாய்ப் போன விதி.

நான் வேலை பார்ப்பது தடுப்பூசிப் பதிவு அலுவலகத்தில். குழந்தை பிறந்த ஆஸ்பத்திரி ஒரு பக்கம், அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்த பெண்கள் மறைவாகத் தங்கும் காப்பகம் இன்னொரு பக்கம். இரண்டும் எங்களுக்கு விவரம் அனுப்பும், ஆனால் பெயரை அனுப்பாது. பெயரும் பிறந்த தேதியும் அங்கேயே ஒரு ரகசியக் குறியீடாக மாறித்தான் வெளியே வரும். இரண்டு குறியீடும் ஒத்துப்போனால் ஒரே குழந்தை. எந்த ஊசி போட்டாயிற்று, எது பாக்கி என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும். யார் பெற்ற பிள்ளை, எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் குறியீட்டைத் திரும்பப் பெயராக்க ஆண்டவனே இறங்கி வந்தாலும் முடியாது. அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! வீங்கிய கன்னத்தோடு தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற அன்று, "காப்பகத்துக்குப் போடி, உன் நிழலக்கூட எவனும் பாக்க முடியாது" என்று அனுப்பி வைத்தவளே நான்தான்.

அதற்கப்புறம் அவள் புருஷன் வாரம் தவறாமல் என் அலுவலகத்துக்கு வந்தான். அழுதான், காலில் விழுந்தான், மிரட்டினான். "எனக்கே தெரியாது தம்பி" என்று நான் சொன்னதெல்லாம் சத்தியமான வார்த்தை.

ஊசிக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரியில் பதிந்திருக்கும் பெற்றோரின் போனுக்கு அங்கிருந்தே ஒரு நினைவூட்டல் போகும். அந்த ஏற்பாடு பேசப்பட்டபோது, "அப்பன் கையில போன் இருந்தா என்ன சார் பண்றது?" என்று கேட்டவள் நான் ஒருத்திதான்.

மேலதிகாரி சிரித்தார். "இப்படி எல்லாத்துக்கும் சந்தேகப்பட்டா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதாம்மா."

சண்டை போட்டுக் கிளினிக்கின் பெயரை மட்டும் எடுக்க வைத்தேன். போன தவணை ஊசி மருந்தின் தொகுதி எண், அதாவது பேட்ச் நம்பர், இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனால் எந்தப் பெட்டி மருந்து என்று பார்க்க வேண்டுமாம். ஒரு எண் யாருக்கு என்ன சொல்லிவிடப் போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

நேற்று அவன் வந்தான். இந்தத் தடவை அழவில்லை.

"அண்ணி, எம்புள்ளைக்கு நாளைக்குக் காலையில ஊசியாம். பாருங்க." போனை என் மேஜைமேல் வைத்தான்.

பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்தது அவன் நம்பர். எத்தனை பூட்டுப் போட்டோம், எத்தனை ஒப்பந்தம் எழுதினோம், அந்த நம்பரை மாற்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லையே! செய்தியின் கடைசியில் தொகுதி எண் இருந்தது. அது எனக்குத் தெரிந்த எண். குளிர்பெட்டி பழுதாகி அந்தத் தொகுதியில் பெரும்பகுதி வீணாய்ப் போயிற்று. மிச்சத்தை ஒரே ஒரு கிளினிக்குக்குத்தான் அனுப்பினோம், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம். அனுப்பியது நான். போன ஊசி அங்கேதான் என்றால் நாளைக்கும் அங்கேதான்.

"அதுக்கென்ன இப்ப? ஊசி போட்டா நல்லதுதான?" என்றேன், அந்த எண்ணிலிருந்து கண்ணை எடுத்து.

"ஒண்ணுமில்ல. சும்மா காட்டலாம்னு வந்தேன்." வேறு ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில், அவன் கூட்டாளி ஒருத்தன் மருந்துக் கிடங்கில் வண்டி ஓட்டுவது ஞாபகம் வந்தது. அவனிடம் எண்ணைச் சொன்னால் இடத்தைச் சொல்லிவிடுவானே!

காப்பகத்துக்குப் போன் போட்டுத் தங்கை பெயரைச் சொன்னேன். "நான் அவளோட கூடப்பிறந்த அக்காங்க. நாளைக்கு வெளிய போக வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க."

"அப்படி ஒருத்தர் இங்க இருக்காங்களா இல்லையான்னே நாங்க சொல்லக் கூடாதும்மா. போன மாசம்கூட ஒரு மாமியார் அக்கான்னு சொல்லித்தான் பேசினாங்க." பேசிய பெண் போனை வைத்துவிட்டாள்.

கிளினிக்கைக் கூப்பிட்டேன். "எங்ககிட்ட டோக்கன் நம்பர்தான் மேடம் இருக்கு, பேரு கிடையாது. யாரைன்னு வர வேண்டாம்னு சொல்றது? நீங்கதான இந்த ஏற்பாட்டையே பண்ணினீங்க?" என்றாள் நர்ஸ், ரொம்ப மரியாதையாக.

போலீஸில், "வந்து ஏதாவது பண்ணினா சொல்லுங்க" என்றார்கள். பண்ணின பிறகு யாரிடம் சொல்லி என்ன?

விடிந்ததும் கிளம்பினேன். வழியில் ஒரு பஸ்ஸை விட்டு இறங்கி வேறொன்றில் ஏறினேன். ஜன்னல் வழியே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கார், சைக்கிள், ஹெல்மெட் போட்ட பைக்காரர்கள். அவனைக் காணோம். பாலத்தைத் தாண்டி இறங்கி, கிளினிக் வாசலுக்கு ஓடினேன்.

வராந்தா பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டி, கண்ணாடி போட்டிருந்தாள். முகத்தில் பாதியை மாஸ்க் மூடியிருந்தது. மடியில் பிள்ளை இல்லாவிட்டால் எனக்கே அடையாளம் தெரிந்திருக்காது. என்னைப் பார்த்ததும் மாஸ்க்கை இறக்கிவிட்டு எழுந்தாள்.

"அக்கா!" அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று! அடுத்த நொடி அவள் கண் என் தோளைத் தாண்டிப் போனது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே என்னைத் தாண்டி நடந்தான். "அந்த நம்பரெல்லாம் எனக்கு எங்க அண்ணி புரியுது? உங்களுக்குப் புரிஞ்சுதே, அது போதும்."

சட்டையைப் பிடித்து இழுத்தேன், உதறினான். பிள்ளையை அவள் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "யாராவது புடிங்க! பாவி, அடிச்சே கொன்னுடுவான்!" என்று கத்தினேன்.

வாட்ச்மேன் பக்கத்தில் வந்தார். பிள்ளை அவனைப் பார்த்து, "அப்பா" என்றது.

"அப்பாதானேம்மா? குடும்ப விஷயத்த வீட்ல வச்சுப் பேசிக்குங்க" என்று வழிவிட்டார்.

பிள்ளை அவன் தோளில் இருந்தது. வேறென்ன செய்வாள்? அவளும் பின்னால் நடந்தாள். என்னைக் கடக்கும்போது நின்றாள். கோபம்கூட இல்லை, அது இருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

"நீயாக்கா கூட்டிட்டு வந்த?"

போய் அவன் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். பைக் பாலத்தைத் தாண்டி மறைந்தது. உள்ளே நர்ஸ் அவளுடைய டோக்கன் நம்பரைக் கூப்பிட்டாள். யாரும் எழுந்து வராததால் இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு, அடுத்த நம்பருக்குப் போனாள்.