ஜன்னல் வழியாகப் போகும் வயர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தைப் பற்றி வேறொரு கதை நடமாடுகிறது. காயல்பட்டினத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அது புறப்பட்டது. சாயா ஆறுவதற்குள் கொழும்பு, நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் துபாய், அன்று மாலைக்குள் ஹாங்காங். எங்கள் ஊர்க்காரர்கள் எங்கெல்லாம் கடை வைத்திருக்கிறார்களோ அங்கெல்லாம் அது ஏறி இறங்கியது. அந்தக் கதை பொய். பொய்யை மறுக்க வேண்டுமானால் அதை ஒருமுறை சொல்லியாக வேண்டும். சொன்னால் கேள்விப்படாதவர்களுக்கும் தெரிந்துவிடும். இந்தச் சிக்கலை ஒரு மாதம் யோசித்தேன். "கேள்விப்படாத ஆள் இனி யாரு மிச்சம் இருக்காக?" என்று என் மனைவி கேட்ட பிறகு பேனாவை எடுத்தேன்.

கதையில் வரும் ஹாமிது நான்தான். 'நான்' என்று எழுதினால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டிவரும். 'அவர்' என்று எழுதினால் ஆளைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்கார வைக்கலாம். எல்லோருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். மாற்றி என்ன பயன்? தலையில் கூடாரம் வைத்த எலெக்ட்ரிக் பிக்கப் வண்டி இந்த ஊரில் ஒன்றுதான் நிற்கிறது.

நான் கையால் எழுதுகிறேன். தட்டச்சு செய்பவள் இளைய மகள் மின்ஹா. தட்டச்சானதை நான் திரும்ப வாசிப்பதில்லை. பெற்ற மகளைச் சரிபார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமல்ல.

[வாப்பா எழுதிவிட்டுக் கோடு போட்டு அடித்த வரிகளையும் இப்படி அடைப்புக்குள் சேர்த்திருக்கிறேன். அவர் அடித்தவைதான் நன்றாக இருக்கின்றன. — மின்ஹா]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

[அடித்தது: முத்து விளைந்த கடலின் மேல் பொன்னிறமாய் விடிந்தபோது, தெருவில் ஒரு வாகனம்]

விடியலை வருணித்துக் கதை தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் விடியலில் எழுந்திருப்பவர்கள் அல்லர். விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கத்தை ஒரு வழக்கத்திலிருந்து எடுத்தேன். வெளியூர் வாசகருக்கு இது தெரியாவிட்டால் கதையே புரியாது. எங்கள் ஊரில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். ஆகவே ஒரு வீட்டின் மானம், அது மாப்பிள்ளையை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது.

ஹாமிதின் மனைவி ஹாஜரா பீவியின் வீட்டுக்குச் சலாபத்தார் வீடு என்று பெயர். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. அந்தக் காலத்தில் முத்து வாங்கி விற்ற குடும்பம். ஹாமிதும் நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர்தான். ஆனால் அந்த வீட்டு மானத்தைக் காப்பதில், அதில் பிறந்தவர்களை விட அவருக்குக் கழுத்து நேராக நிற்கும். "ஏழு தலைமுறையா இந்த வீட்டுலேர்ந்து ஒரு மாப்பிள்ளையும் வெளியே போனதில்லை" என்று கல்யாண வீடுகளில் சொல்லுவார்.

(அடிக்குறிப்பு: ஒருவர் கொழும்புக்குப் போய்த் திரும்பவில்லை. அது வேறு விஷயம்.)

3

மூத்த மகள் யுஸ்ராவின் கணவன் அஃப்ஸல். துபாயில் பதினோரு வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்தவன். வந்ததும் ஓர் எலெக்ட்ரிக் பிக்கப் வாங்கினான். அங்கே பாலைவனத்தில் வண்டி மேல் கூடாரம் விரித்துப் படுத்த சுகம் அவனை விடவில்லை. ஒரு கூடாரத்தைக் கப்பலில் வரவழைத்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் திறந்தபோது கூடவே போயிருந்த ஹாமிது, மடங்கிக் கிடந்த அந்தக் கறுப்புப் பொதியைப் பார்த்து, "இதென்ன மெத்தையா?" என்று கேட்டார்.

"வீடு, மாமா" என்றான் அஃப்ஸல்.

அந்தச் சொல் ஹாமிதுக்குப் பிடிக்கவில்லை. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். [அடித்தது: திறந்தார். அஃப்ஸல் காதில் வாங்கவில்லை.]

பொருத்தியவர் தூத்துக்குடியில் பட்டறை வைத்திருக்கும் வில்பிரட். மீன்பிடிப் படகுகளுக்கு இரும்பு வேலை செய்கிறவர். பிக்கப்பின் பின்தொட்டிக்கு மேல் சதுரக் குழாயில் ஒரு சட்டம் செய்தார். அதன் குறுக்கே இரண்டு பார்கள். நான்கு பேர் கூடாரத்தைத் தூக்கி அந்தப் பார்கள் மேல் வைத்தார்கள். அடியில் கிளாம்ப் கொடுத்து நட்டுகளை முறுக்கினார் வில்பிரட்.

"எல்லாம் எஸ்.எஸ். போல்ட் அண்ணாச்சி. நம்ம உப்புக் காத்துக்குச் சாதா போல்ட் ஆறு மாசம் நிக்காது."

போல்ட் போட்ட பிறகும் படகுக் கயிற்றால் நான்கு மூலையிலும் ஒரு கட்டுக் கட்டினார்.

"போல்ட் மேல நம்பிக்கை இல்லியா?" என்றார் ஹாமிது.

"நம்பிக்கை உண்டு. கயிறு பழக்கம்."

பிறகு விரித்துக் காட்டினார். இழுத்தால் நீளும் ஏணியைக் கீழே ஊன்றி நெம்பியதும் பொதி இரண்டாய்ப் பிரிந்து கூடாரமாய் எழுந்து நின்றது. உள்ளே மெத்தை, வலை போட்ட ஜன்னல், மேலே மழைத் துணி.

"ஓடும்போது மேல வேற எடை ஏத்தக் கூடாது. நிக்கும்போது முந்நூறு கிலோ தாங்கும்" என்றார்.

அந்த முந்நூறு கிலோ பின்னால் வரும். வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

4

மணப்பாடு கடற்கரைக்கு யுஸ்ராவைக் கூட்டிப்போகும் முன் கூடாரத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும், மழைத் துணி ஒழுகுகிறதா, புழுங்குகிறதா என்று. இது அஃப்ஸலின் காரணம். நியாயமான காரணம். ஆனால் வண்டி நின்றது வீட்டின் முன்பக்கத் தெருவில். எங்கள் பெண்கள் நடமாடுவது பின்பக்க முடுக்கில். அங்கே வண்டி நுழையாது. முன்தெருவில் எல்லோரும் பார்க்க யுஸ்ரா ஏணி ஏற மாட்டாள். ஆகவே அவன் மட்டும் ஏறிப் படுத்தான். மூன்று இரவு.

செவ்வாய்க்கிழமை சுபுஹு தொழுதுவிட்டு வந்த ஊர் என்ன பார்த்தது? சலாபத்தார் வீட்டு மாப்பிள்ளை, வீட்டுக்கு வெளியே, வண்டியின் மேலிருந்து, வாயில் பிரஷ்ஷோடு, ஏணி வழியாக இறங்குகிறார். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருக்கிறது.

அவ்வளவுதான். மற்றதை ஊர் எழுதிக்கொண்டது.

செந்தூர்வேலின் சாயாக் கடையில் ஹாமிது உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. செந்தூர்வேல் மட்டும், "மருமவனுக்கும் ஒரு பார்சல் கட்டட்டா காக்கா? வீட்டுல கொடுக்காகளோ என்னவோ" என்றார். (காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.)

ஹாமிது எழுந்து நின்றார். [அடித்தது: எழுந்ததில் சாயா கைலியில் கொட்டியது.]

"வண்டிக்குச் சார்ஜ் எங்கேர்ந்து போவுது? எங்க வீட்டு ஜன்னல் வழியாத்தானே வயர் போவுது? வெளியே தள்ளுன மனுசனுக்கு எந்த வீட்டுலயாவது கரண்டு கொடுப்பாகளா?"

கடை முழுக்க அதை யோசித்தது. பிறகு ஒரு மூலையிலிருந்து யாரோ சொன்னார்: "அதான பாத்தேன். ஆளைத் தள்ளிட்டாலும் நல்ல மனசு. கரண்டை மட்டும் நிறுத்தல."

ஹாங்காங்குக்குப் போன கதையில் அந்த வயரும் சேர்ந்துகொண்டது.

சாதாரண நாளாக இருந்தால் ஹாமிது பொறுத்திருப்பார். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மின்ஹாவுக்காகச் சம்பந்தம் பேச வருவதாக இருந்தது. பையன் முஆத், சாகுபுரம் தொழிற்சாலையில் வேலை. இந்த வீட்டு மாடிக்கு வந்து வாழப்போகிறவன் அவன். மாப்பிள்ளையை வண்டி மேல் ஏற்றுகிற வீட்டுக்கு எந்தத் தாய் பிள்ளையைக் கொடுப்பாள்?

5

இந்த இடத்தில் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. ஹாமிது செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று இருந்தது. "இறங்கி உள்ளே வந்து படு" என்று மருமகனிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று ஹாஜராவும் கேட்டாள்.

"ஊருக்குப் பயந்து உள்ளே கூப்பிட்டா, வெளியே தள்ளுனது உண்மைன்னு ஆகிரும்" என்றார் ஹாமிது.

"அப்போ என்ன செய்யப் போறிய?"

"நெய்ச்சோறும் களறிக் கறியும் ஆக்கு. ஒரே சகன்ல."

களறிக் கறி எங்கள் ஊர்க் கல்யாண விருந்துக் கறி. சகன் என்பது பெரிய தட்டு. இரண்டு மூன்று பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக உண்பார்கள். மாமனாரும் மருமகனும் ஒரே தட்டில் உண்பதை வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வரும் ஊர் முழுக்கப் பார்க்க வேண்டும். கூடாரத்தின் மூன்று ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். இதுதான் திட்டம்.

ஹாமிது வெள்ளைக் கைலியோடு ஏணி ஏறினார். [அடித்தது: மூன்றாவது படியில் இளைப்பாறினார்.] சகன் பின்னால் ஏறியது. உள்ளே வெயில் அடுப்பாய் எரிந்தது. வண்டியிலிருந்து கரண்டு எடுத்து ஒரு குட்டி விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் உண்டார்கள். ஊர் பார்த்தது. ஒருவர் நின்றார், இருவர் நின்றார்கள், பள்ளிவாசலே வந்து நின்றது. ஹாமிது ஒரு பெரிய கறித் துண்டை எடுத்து மருமகன் பக்கம் தள்ளினார், எல்லோருக்கும் தெரியும்படி.

ஒன்றை மட்டும் அவர் மறந்திருந்தார். அவரும் அந்த வீட்டு மாப்பிள்ளைதான்.

கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது: "ஏலே, பெரிய மாப்பிள்ளையையும் மேல ஏத்திட்டாளுவ போல!"

சிரிப்பு தெருவின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

6

உடனே இறங்கியிருக்க வேண்டும். இறங்க முடியவில்லை. காரணம் முட்டி வலி.

[அடித்தது: முட்டி வலி இல்லை. அந்த ஏணியில் தெருவுக்கு முதுகைக் காட்டித்தான் இறங்க வேண்டும். கடல் காற்று. கைலி.]

தெரு காலியாகட்டும் என்று காத்திருந்தார். அவர் காத்திருப்பதைப் பார்க்கத் தெரு காத்திருந்தது. மாமாவைத் தனியே விட்டு இறங்குவது மரியாதையல்ல என்று அஃப்ஸலும் உட்கார்ந்திருந்தான். மூன்று மணி ஆனது.

அஸருக்குப் பிறகு வர வேண்டியவர்கள் முன்கூட்டியே வந்துவிட்டார்கள். முஆதின் உம்மா பின்பக்க முடுக்கு வழியாக வீட்டுக்குள் போனார். முஆதின் வாப்பா காரிலிருந்து இறங்கி, கூட்டத்தைப் பார்த்து, மேலே பார்த்தார்.

"என்ன காக்கா, கீழ வரலியா?"

ஹாமிதுக்கு வாயில் வந்தது இதுதான்: "நீங்க மேல வாங்களேன்."

அவர் ஆகிருதியான மனிதர். ஹாமிது மனதுக்குள் மூன்று பேரின் எடையையும் கூட்டினார். முந்நூறு கிலோவை நெருங்கியது. நல்லவேளை, அவர் சிரித்துக்கொண்டே காரில் சாய்ந்து நின்றுவிட்டார்.

அப்போதுதான் முஆத் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான். வரும்போதே வண்டி திணறியது.

"அஞ்சு பெர்சென்ட்தான் இருக்கு. ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குமா?" என்று மேலே பார்த்துக் கேட்டான்.

அஃப்ஸல் வாயைத் திறக்கும் முன்பே, பிக்கப்புக்கு வயர் போகிற அதே ஜன்னலிலிருந்து இன்னொரு வயர் வெளியே வந்தது. ஒரு கை மட்டும் தெரிந்தது.

ஹாமிது கூடார ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். சம்பந்தம் பேசி முடியவில்லை. அதற்குள் கரண்டா? செந்தூர்வேல் கடையில் அவர் நிறுவிய நியாயப்படி, இந்த வீடு யாருக்கு வயர் கொடுக்கிறதோ அவன் இந்த வீட்டு மாப்பிள்ளை. அது ஹாஜராவின் கை இல்லை. ஹாஜராவின் கையில் அந்தப் பச்சைக் கண்ணாடி வளையல் கிடையாது. உயரத்தில் இருந்ததால் அவருக்கு மட்டும்தான் அது தெரிந்தது.

[உம்மா கைதான். — மின்ஹா]

முஆத் வயரை மாட்டினான். கூட்டத்தைப் பார்த்தான். மேலே இருந்த மனிதரையும் ஏணியையும் பார்த்தான். யாரும் அவனுக்கு எதையும் சொல்லவில்லை.

"அஸர் ஜமாஅத்துக்கு நேரமாச்சே, யாரும் வரலியா?" என்று உரக்கக் கேட்டான். அவன் வாப்பாவின் தோளைத் தொட்டு முதலில் அவரை நடக்க வைத்தான். வருங்காலச் சம்பந்தியே தொழப் போகும்போது நின்று வேடிக்கை பார்ப்பது யார்? தெரு காலியானது. ஜமாஅத்துக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது.

முஆத் ஏணியின் அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முகத்தை எதிர்ச்சுவர் பக்கம் திருப்பி நின்றான். ஹாமிது இறங்கி முடிக்கும் வரை திரும்பவில்லை.

"நல்லாப் பிடிச்சே" என்றார் ஹாமிது.

"எதை மாமா?" என்றான் அவன்.

வீட்டுக்குள் முஆதின் உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "எங்க புள்ளைய எங்க படுக்க வைப்பிய?"

"மாடியில ஏசி போட்ட ரூம் இருக்கு. அவன் இஷ்டத்துக்கு வண்டி மேல ஏறுனா நான் காலைப் பிடிச்சா இழுக்க முடியும்?" என்றாள் ஹாஜரா.

அந்த அம்மா சிரித்துவிட்டார். எங்களுக்குச் சம்மதம், உங்கள் மகளைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுந்தார்களாம்.

7

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

குடும்பத்துக்கு ஏற்ற முடிவு: ஊரின் வாய் அடைந்தது, எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள். இதை எழுதிப் பார்த்தேன். செந்தூர்வேல் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் பேனா நகரவில்லை.

ஊர் சொல்லும் முடிவு: இப்போது வண்டி மேல் மூன்று மாப்பிள்ளைகள் படுக்கிறார்கள். மறுக்கிறேன்.

ஹாஜரா சொன்ன முடிவு: "எதுக்கு முடிவு? அந்த ஏணியை மடிச்சு வைங்க. முட்டுது."

உண்மையான முடிவு மின்ஹாவின் பதில்தான். எட்டு நாள் யோசித்தாள். ஒன்பதாம் நாள் பசியாறும்போது, ஆப்பத்தைப் பிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஏழு தலைமுறை மானத்தையும் காத்து எழுதுகிறேன் என்று தொடங்கியவன், இந்த ஒரு வரியை மறைக்க வேண்டிய அவசியமில்லை. அவள் சொன்னது இதுதான்:

[இங்கே வாப்பா நான் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். இதுவரை அவர் அடித்த எதையும் நான் விடவில்லை. அவர் அடிக்காமல் விட்ட இந்த ஒரு வரியை நான் அடித்துவிட்டேன். மேலே உள்ளதெல்லாம் ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. இது எங்கள் வீட்டுக்குள் சொன்ன சொல். வாப்பா திரும்ப வாசிக்க மாட்டார்.

வாசிக்கிற நீங்கள் முடிவில்லாமல் போக வேண்டியதில்லை. எங்கள் தெருப் பக்கம் வந்தால், ஜன்னல் வழியாக எத்தனை வயர் போகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். மேலே நிமிர்ந்து மட்டும் பார்க்காதீர்கள், யாராவது இறங்கிக்கொண்டிருப்பார்கள். — மின்ஹா]